சென்னையில முதல் தடவ ஒருத்தர நேர்ல பாக்கப் போற கே பசங்களுக்கு

ரூம்மேட் மூணு பேரோட வேளச்சேரியிலயோ பெருங்குடியிலயோ இருப்ப, இல்லன்னா அம்மா அப்பா தங்கச்சி பாட்டின்னு எல்லாரும் இருக்க ஒரு சின்ன வீட்ல இருப்ப. டேட்டிங் ஆப்ல ஒருத்தன்கூட கொஞ்ச நாளா பேசிட்டு இருக்க, நேர்ல பாக்கலாம்னு ரெண்டு பேருக்குமே ஆசை, ஆனா எங்க பாக்குறது? உன் வீட்டுக்கு கூப்பிட முடியாது, அவன் வீட்டுக்கு போக பயமா இருக்கு, லாட்ஜ்ல ரூம் போடலாம்னா காசும் இல்ல, முன்ன பின்ன தெரியாத ஒருத்தனோட முதல் நாளே பூட்டுன ரூமுக்குள்ள போறது நல்லதும் இல்ல. அப்ப மிச்சம் இருக்குறது பீச்சு, பார்க்கு, லைப்ரரி, மால், மெட்ரோ ஸ்டேஷன் வாசல் இதுதான். நம்மள்ல நிறைய பேருக்கு இந்த ஊரோட பொது இடம்தான் வீட்டு ஹாலு, அதனால அத எப்படி பயன்படுத்திக்கிறதுன்னு தெளிவா தெரிஞ்சி வச்சிக்கணும்.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறந்துடாத. வெளிச்சமும் கூட்டமும் இருக்க இடம்தான் உனக்கு பாதுகாப்பு. யாராவது பாத்துருவாங்களோன்னு பயந்து நம்ம பசங்க இருட்டான மூலையா தேடிப் போறாங்க, ஆனா அடிக்கிறவனும் பறிக்கிறவனும் காத்துட்டு இருக்கறது அந்த மூலையிலதான். நம்ம ஊர்ல ரெண்டு பசங்க தோள்ல கை போட்டுட்டு பீச்ல உக்காந்து சுண்டல் சாப்பிட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். ஒரு பையனும் பொண்ணும் உக்காந்தா கேள்வி கேக்குறவங்க கூட நம்மள கேக்குறது இல்ல. நம்ம காதலு யார் கண்ணுக்கும் தெரியலையேன்னு பின்னாடி ஒரு நாள் வருத்தம் வரும், அது வேற விஷயம், ஆனா முதல் சந்திப்புக்கு இது பெரிய வசதி, இத விட்டுட்டு இருட்டுக்கு போகாத.

இது 18 வயசு முடிஞ்சவங்களுக்கு எழுதுறது. உனக்கு 18 ஆகலன்னா ஆப்ல வயச மாத்திப் போட்டு பெரியவங்கள பாக்கப் போகாத தம்பி, உன்ன தேடி வர்ற 30 வயசு ஆளு உன் நல்லதுக்கு வரல. பேச ஆள் வேணும்னா குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கு, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416 இருக்கு, தமிழ்லயே பேசலாம். நீ பெரியவன்னா எதிர்ல இருக்கவன் வயசு உனக்கு உறுதியா தெரியணும், காலேஜ் முதல் வருஷம்னு சொன்னா கூட கேட்டுக்கோ, சந்தேகமா இருந்தா போகாத. போக்சோ சட்டத்துல 18க்கு கீழன்னா அவன் சம்மதிச்சான்னு சொல்றது செல்லாது.

கெளம்புறதுக்கு முன்னாடி

ஆப்ல எத்தன மீட்டர் தூரத்துல இருக்கன்னு காட்டும்ல, அத செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணு. தூரத்த மூணு இடத்துல இருந்து பாத்தா உன் ஹாஸ்டல் எதுன்னு கண்டுபிடிச்சிரலாம். முகம் தெரியுற போட்டோவ பொதுவுல போடறது உன் இஷ்டம், ஆனா முகமும் ட்ரெஸ் இல்லாத உடம்பும் ஒரே படத்துல இருக்க மாதிரி யாருக்கும் அனுப்பாத, எவ்ளோ நம்பிக்கையா பேசுனாலும் சரி. ஆபீஸ் ஐடி கார்டு, காலேஜ் பேர் போட்ட டீஷர்ட், வீட்டு வாசல் இதெல்லாம் படத்துல வரக்கூடாது. போன் நம்பர் குடுக்குறதுக்கு பதிலா யூசர்நேம் வச்சு பேசுற மாதிரி ஒரு ஆப் வச்சுக்கோ, ஏன்னா உன் நம்பர ஜிபேல போட்டா உன் முழுப்பேர் வந்துரும், இது நிறைய பேருக்கு உறைக்குறதே இல்ல.

அப்புறம் வீடியோ கால். ரெண்டு நிமிஷம் போதும், போட்டோல இருக்க ஆளுதானான்னு பாக்கத்தான். கேமரா ஒடஞ்சிருச்சு, வீட்ல ஆள் இருக்காங்க, நெட் இல்லன்னு நாலு நாளா ஒருத்தன் தட்டிக் கழிச்சா அவன விட்டுரு. வெக்கப்படுறவன் கூட ஒரு நாள் மொட்டை மாடிக்கு போயி ரெண்டு நிமிஷம் முகத்த காட்டிருவான்.

யாராவது ஒருத்தருக்கு நீ எங்க போறன்னு தெரியணும். நீ கேன்னு தெரிஞ்ச ஃப்ரெண்டு இருந்தா லைவ் லொக்கேஷன் அனுப்பிட்டுப் போ. அப்படி யாருமே இல்லன்னா, முழு விஷயமும் சொல்லணும்னு அவசியம் இல்ல, "ஆன்லைன்ல பழக்கமான ஒருத்தர பெசன்ட் நகர்ல பாக்கப் போறேன்டா, எட்டு மணிக்கு எனக்கு போன் போடு, எடுக்கலன்னா திரும்ப திரும்ப போடு" அப்படின்னு சொன்னா போதும், எந்த ஃப்ரெண்டும் இதுக்கு மேல கேக்க மாட்டான்.

எந்த இடம்

எனக்கு புடிச்சது எலியட்ஸ் பீச்சுதான், பெசன்ட் நகர். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஷ்மிட் நினைவு மண்டபத்துல இருந்து வேளாங்கண்ணி சர்ச் பக்கம் வரைக்கும் ரோட்டோரம் நடந்துட்டே பேசலாம், லைட்டு இருக்கு, குடும்பம் குட்டியோட ஆளுங்க இருக்காங்க, வரிசையா கடை இருக்கு. பஸ் டெர்மினஸ் நடக்குற தூரம்தான், 29சி புடிச்சா பெரம்பூர் வரைக்கும் போயிரலாம், அதாவது புடிக்கலன்னா கெளம்புறதுக்கு அவன் பைக்க நம்பி இருக்க வேண்டாம். எல்லா இடத்துக்கும் இந்த ஒரு கேள்விய கேட்டுப் பாரு: இங்கருந்து நானா, யார் தயவும் இல்லாம, பத்து நிமிஷத்துல கெளம்ப முடியுமா? முடியும்னா அது நல்ல இடம்.

மெரினா பெருசு, அதுல எந்த பாகம்ங்கறது முக்கியம். உழைப்பாளர் சிலை, கண்ணகி சிலை, காந்தி சிலை பக்கம் சர்வீஸ் ரோட்டுல, கடைங்க இருக்க இடத்துல பாரு, அடையாளம் சொல்றதும் சுலபம். இருட்டுன அப்புறம் தண்ணிப் பக்கம் மணல்ல உள்ள தள்ளிப் போகாத, ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் அவ்ளோ அகலம், அங்க நீ கத்துனா ரோட்டுக்கு கேக்காது. ராத்திரி பத்து மணி வாக்குல போலீஸ் ரோந்து வந்து எல்லாரையும் கிளப்பி விடுவாங்க, அதுவரைக்கும் உக்காந்து இருக்காம எட்டு எட்டரைக்கு கெளம்பிரு.

கடல் வேணாம்னா பாண்டி பஜார். 2019ல நடைபாதைய அகலமாக்கி பெஞ்ச் எல்லாம் போட்டாங்க, ரெண்டு பேர் ஒரு ஜிகர்தண்டா வாங்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்தா யாரும் எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க. அண்ணா நகர் டவர் பார்க், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, கதீட்ரல் ரோட்டுல செம்மொழிப் பூங்காவும் அதுக்கு பக்கத்துல 2024ல தொறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும், இதெல்லாம் பகல்ல, சாயங்காலம் ஆறு ஏழு மணி வரைக்கும் நல்லா இருக்கும். டிக்கெட் இருக்க பார்க்குன்னா செக்யூரிட்டியும் இருப்பாங்க.

கூச்ச சுபாவம் உள்ள பசங்களுக்கு நான் சொல்றது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். நேரா முகத்த பாத்து பேச பயமா இருக்குல்ல, அங்க போனா ஆளுக்கு ஒரு புக்க எடுத்துட்டு சும்மா சுத்தலாம், எந்த செக்‌ஷன் முன்னாடி நிக்குறான்னு பாத்தாலே ஆள் எப்படின்னு பாதி தெரிஞ்சிரும், அப்புறம் கேன்டீன்ல ஒரு டீ. காசு செலவே இல்ல. ஜனவரியில நந்தனம் ஒய்எம்சிஏல புத்தகக் கண்காட்சி நடக்கும்போதும் அப்படித்தான், அவ்ளோ கூட்டத்துல யார் யாரோட வந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்.

மால்ல ஏசி, கேமரா, பாத்ரூம் எல்லாம் இருக்கு, எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ், அண்ணா நகர் விஆர் எல்லாமே பரவால்ல. ஆனா ஒரு காபி முன்னூறு ரூபா. உனக்கு ஐடி கம்பெனில வேலை இருக்கலாம், எதிர்ல இருக்கவன் மெடிக்கல் ஷாப்ல நிக்குற பையனா இருக்கலாம், அவன மால்க்கு வரச் சொல்லிட்டு பில் வர்றப்ப அவன் முழிக்கிறத பாக்க வேண்டி வரும். இடத்த ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுங்க, பீச்சுக்கு செலவில்ல.

போகக்கூடாத இடமும் சொல்லணும். பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல பலதுல மேல மாடியெல்லாம் காலியாவே கிடக்கும், பகல்ல கூட ஆள் இருக்காது, அங்க சந்திக்கலாம்னு சொன்னா வேணாம்னு சொல்லு. பாதி கட்டுன பில்டிங், ஓஎம்ஆர் ஈசிஆர் உள்ள போற மண் ரோடு, ஏரிக்கரை, பாலத்துக்கு அடியில, ரயில்வே டிராக் பக்கம், பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் எல்லாத்துக்கும் இதே பதில்தான். "அங்க யாரும் வர மாட்டாங்க"ன்னு ஒருத்தன் சொன்னா அது உனக்கு நல்ல சேதி இல்ல.

பாக்குற நேரத்துல

சீக்கிரம் போயிரு, சொன்ன இடத்துக்கு நேர் எதிர்ல நின்னு அவன் வர்றத முதல்ல பாரு. தனியா வர்றானா, கூட யாராவது தள்ளி நிக்குறாங்களா, போட்டோல இருந்த ஆளா. சரியில்லன்னு மனசுல பட்டா பக்கத்துல போகாம திரும்பி வந்துரலாம், ஆப்ல "இன்னைக்கு முடியல, சாரி"ன்னு ஒரு வரி போதும். கடைசி நேரத்துல இடத்த மாத்துனா, "நான் வேற ஒரு இடத்துல இருக்கேன், ஃப்ரெண்டு பைக்ல வந்து உன்ன கூட்டிட்டு வருவான்"னு சொன்னா, அங்கயே முடிச்சிக்கோ, அடுத்த பஸ்ல வீட்டுக்குப் போ. எவ்ளோ அழகா இருந்தாலும் முதல் நாள் அவன் வண்டியில ஏறாத, உன் வண்டியிலயும் ஏத்தாத.

தங்கச் செயின், மோதிரம் கழட்டி வச்சிட்டுப் போ. கையில இருநூறு முன்னூறு ரூபா பணமா வச்சிக்கோ. போன்ல ஜிபே, போன்பே எல்லாத்துக்கும் தனி லாக் போடு, முடிஞ்சா செலவுக்குன்னு கொஞ்சமா காசு இருக்க ஒரு அக்கவுன்ட்ட மட்டும் யுபிஐல இணைச்சு வை, சம்பள அக்கவுன்ட்ட எடுத்துரு. இப்ப பறிக்கிறவன் யாரும் பர்ஸ கேக்குறது இல்ல, யுபிஐ பின் நம்பரத்தான் கேக்குறான். அவன் தொறந்த பாட்டில்ல இருந்து குடிக்காத, நீ வாங்குனத நீயே கையில வச்சிக்கோ.

என்ன பேசுறதுன்னு ரொம்ப யோசிக்காத. என்ன சமைப்பான், எந்த ஊரு, எந்த படம் பாத்தான், வீட்ல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சாச்சா, இந்த கடைசி கேள்விக்கு மட்டும் நம்ம பசங்க எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும், ஒரு மணி நேரம் ஓடிரும். ஆபீஸ் பேரு, வீட்டுத் தெரு, சாதி இதெல்லாம் முதல் நாள் கேக்காத, அவன் கேட்டா சொல்ல வேண்டியதும் இல்ல. புடிக்கலன்னா மூஞ்சிய சுளிச்சிட்டு ஓடாம, கால் மணி நேரம் பேசிட்டு "பாத்ததுல சந்தோஷம், எனக்கு அப்படி தோணல, ஃப்ரெண்ட்ஸா இருக்கலாம்"னு நேராவே சொல்லு. வர்றதுக்கு அவனும் எவ்ளோ பயந்து, எத்தன சட்டை மாத்திப் போட்டுட்டு வந்திருப்பான்னு உனக்கே தெரியும்ல. நடை, பேச்சு கொஞ்சம் பொண்ணு மாதிரி இருக்க பையன பாத்து "உன்கூட வெளிய நின்னா எல்லாரும் பாப்பாங்க"ன்னு சொல்லி நகந்து போறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு நீ அப்படி பண்ணாத. ரோட்டுல நமக்கெல்லாம் சேத்து அடி வாங்குறது அவங்கதான், அவங்க தைரியத்துலதான் நம்ம இவ்ளோ தூரம் வந்திருக்கோம்.

அந்த பழைய ஸ்பாட்டுங்க

ஆப் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல நம்ம ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் கண்டுபுடிச்சது பீச்சு, பார்க்கு, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்லதான். பார்வைய வச்சு, ஒரு தீப்பெட்டி கேக்குறத வச்சு. சகோதரன் அமைப்பு 1998ல சென்னையில தொடங்குனப்ப அவங்க ஆளுங்க தேடிப் போனதும் இந்த மாதிரி இடத்துக்குத்தான், காண்டம் குடுக்க, டெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போக. அங்க போறவங்கள நான் தப்பா பேச மாட்டேன், வேற வழியே இல்லாம இருந்துச்சு, இன்னைக்கும் ஸ்மார்ட்போனும் தனி ரூமும் இல்லாதவங்களுக்கு அதான் வழி. ஆனா சட்டம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிக்கோ. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவுல இருந்து நம்மள விடுவிச்சுச்சு, வயசு வந்தவங்க சம்மதத்தோட தனிமையில இருக்கறது குற்றமில்லன்னு. அந்த பழைய சட்டத்துக்கு பதிலா 2024 ஜூலையில வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்துல 377 மாதிரி பிரிவே இல்ல. ஆனா பொது இடத்துல உடலுறவுங்கறது, ஆணும் பெண்ணும்னாலும் சரி, ஆபாசச் செயல்னு பிஎன்எஸ் 296ல வரும், மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அதனால பொது இடம் பேசுறதுக்கும் பழகுறதுக்கும்தான், மத்தது நம்பிக்கை வந்தப்புறம் நாலு சுவத்துக்குள்ள.

மாட்டிக்கிட்டா

நடக்குறது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆப்ல ஒருத்தன் இனிக்க இனிக்க பேசுவான், தனியான இடத்துக்கு கூப்பிடுவான், போனா திடீர்னு மூணு பேர் வருவாங்க, அடிச்சு சட்டைய கழட்டி வீடியோ எடுத்து "வீட்டுக்கு அனுப்பவா"ன்னு மிரட்டி பணம் மாத்தச் சொல்லுவாங்க. சில நேரம் ஒருத்தன் "நான் போலீஸ்"னு சொல்லுவான். அந்த நிமிஷத்துல உயிர்தான் முக்கியம், கேக்குறத குடுத்துட்டு வெளிய வா, வீரம் காட்டாத. வெளிய வந்ததும் வெளிச்சமான இடத்துக்கு, ஒரு பெட்ரோல் பங்க்குக்கோ மெடிக்கலுக்கோ போய் 112க்கு கூப்பிடு. பணம் போயிருந்தா உடனே 1930, சைபர் கிரைம் நம்பர், எவ்ளோ சீக்கிரம் சொல்றியோ அவ்ளோ சீக்கிரம் அந்த அக்கவுன்ட்ட முடக்க வாய்ப்பு இருக்கு. சாட், ப்ரொஃபைல், யுபிஐ ரசீது எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடு, கோவத்துல பிளாக் பண்ணி எல்லாத்தையும் அழிச்சிராத.

அடுத்த நாள் திரும்ப பணம் கேப்பாங்க. குடுக்காத. ஒரு தடவ குடுத்தா மாசா மாசம் கேப்பாங்க. மிரட்டி பணம் பறிக்கிறது பிஎன்எஸ் 308, பெரிய குற்றம் பண்ணது அவங்க, நீ இல்ல. எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், எங்க ஏரியா இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது. புகார்ல நீ கேன்னு எழுதணும்னு எந்த சட்டமும் இல்ல, "ஆன்லைன்ல பழகுன நபர் வரச் சொன்னாரு, போன இடத்துல அடிச்சு பணத்த பறிச்சாங்க"ன்னு எழுதுனா போதும், அது முழு உண்மைதான். தனியா போக பயமா இருந்தா 15100க்கு போன் பண்ணி இலவச சட்ட உதவி கேளு.

நிஜ போலீஸே நிறுத்தி கேள்வி கேட்டா பதட்டப்படாம, "சார்"னு மரியாதையா, பேரு சொல்லி, ஃப்ரெண்டோட பேசிட்டு இருக்கேன்னு சொல்லு. ரெண்டு பேர் பெஞ்ச்ல உக்காந்து பேசுறதுக்கு எந்த பிரிவும் கிடையாது. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவுக்கு அப்புறம், 2022ல தமிழ்நாடு அரசு போலீஸ் நடத்தை விதிகள்ல 24சின்னு ஒன்ன சேத்தாங்க, எல்ஜிபிடி ஆளுங்கள எந்த போலீஸும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. சட்டப்படி விசாரிக்கறதுக்கு தடையில்லன்னும் அதுலயே இருக்கு, அதனால ரோட்டுல நின்னு விதி எண்ண சொல்லி சண்டை போடாத, பேரு, ஸ்டேஷன், நேரம் எல்லாத்தையும் மனசுல வாங்கிக்கோ, பின்னாடி புகார் குடுக்க உதவும். கைது பண்ணாங்கன்னா காரணத்த சொல்லணும், உன் ஆளு ஒருத்தருக்கு தகவல் சொல்ல விடணும், வக்கீல பாக்க விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். சொந்தக்காரங்களுக்கு பதிலா ஃப்ரெண்டு நம்பர குடுக்கலாம், அதனால ஒரு நம்பராவது மனப்பாடமா இருக்கட்டும்.

வெளியூர்ல இருக்கியா

மதுரை, கோயம்புத்தூர், திருச்சின்னா பிரச்சனையே வேற, யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ எதிர்ல வந்துருவாங்க. அங்க "யாரு இவன்"னு கேட்டா சொல்ல ஒரே பதில ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிக்கோங்க, கோச்சிங் கிளாஸ் ஃப்ரெண்டுன்னு. மதுரையில தெப்பக்குளம் சாயங்காலம் நல்ல கூட்டமா இருக்கும், 2023ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இன்னும் நல்லது, படிக்க வந்த பசங்கன்னு நெனைப்பாங்க. கோவையில ரேஸ் கோர்ஸ் நடைபாதை.

அப்புறம், ஒருத்தன தனியா பாக்கறதுதான் ஒரே வழின்னு நெனைக்காத. ஆப்ல துணை தேடி அலுத்துப்போன நிறைய பேருக்கு உண்மையில வேண்டியிருந்தது சேந்து உக்காந்து பேச நாலு பேரு. சென்னையில முதல் வானவில் பேரணி 2009 ஜூன்ல மெரினாவுல நடந்துச்சு, அப்பல இருந்து ஜூன் மாசம்னா பேரணி, நாடகம், படம்னு ஏதாவது இருக்கும். நம்ம ஆளுங்களுக்கான ஓரினம் இணையதளத்துல அறிவிப்பு வரும், தமிழ்லயும் நிறைய எழுதி வச்சிருக்காங்க, அதப் படிக்க யாரையும் பாக்க வேண்டியது கூட இல்ல. பேரணிக்கு முகமூடி போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க, எதிர் நடைபாதையில நின்னு பாத்துட்டு மட்டும் போறவங்களும் இருக்காங்க, யாரும் உன்ன கூப்பிட்டு போட்டோ எடுக்கணும்னு இல்ல, கேமரா பக்கம் மட்டும் கொஞ்சம் கவனமா இரு.

பழக்கம் நெருக்கமாச்சுன்னா காண்டம், லூப் (வழுவழுப்புக்கு போடற ஜெல்) ரெண்டும் வேணும். அரசு ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், அங்க எச்ஐவி டெஸ்ட் இலவசம், ரிசல்ட்ட வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 சட்டமே இருக்கு. மத்த பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம். காண்டம் கிழிஞ்சிருச்சு, இல்ல உன் விருப்பம் இல்லாம ஏதாவது நடந்துருச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, பெரிய அரசு ஆஸ்பத்திரியில இருக்க ஏஆர்டி மையத்துக்கு (எச்ஐவி சிகிச்சை மையம்) போய், எச்ஐவி தொத்தாம தடுக்குற பெப் மாத்திரை கேளு, 28 நாள் விடாம சாப்பிடணும். எங்க போறதுன்னு தெரியலன்னா எச்ஐவி உதவி எண் 1097க்கு போன் பண்ணு, பேர் சொல்ல வேண்டியதில்ல.